ஆற்றில் போட்டாலும்...

உங்களிடம் ஒரு கேள்வி. பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், மனசுக்குள் சொன்னால் போதும்.

உங்களுக்குத் தரவேண்டிய பணத்தைத் தராமல் ஏமாற்றிவிட்டதாக நீங்கள் பல பேரிடம் சொல்லியிருக்கும் ஒரு ஆள் இருக்கிறாரா? இருப்பார். அநேகமாக எல்லோருக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். சரி, அவர் தரவில்லை என்பதற்கு உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

எனக்கும் ஒருவர் இருந்தார். ஆறு வருஷம் இருந்தார்.

2004-ல் என் கட்டுரைகளைத் தொகுத்து, பதிப்பாளர் யாரையும் தேடாமல், நானே ஒரு புத்தகம் போட்டேன். 160 பக்கம், விலை 60 ரூபாய், ஆயிரம் பிரதி. ஆயிரத்துக்குக் குறைந்தால் அப்போது ஆஃப்செட்டில் கட்டுப்படியாகாது என்றார் அச்சகக்காரர். நானும் ஆயிரம் என்றால் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். முதல் புத்தகம் போடுகிற எல்லோரும் நம்புவதுதான்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அறுபது பிரதிகள் அனுப்பினேன். கடைக்கு வரும் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். விற்ற பிறகு பணம், விற்காதது திரும்பி வரும், கழிவு 35 சதவீதம். எல்லாம் வாய்ப்பேச்சு. சலான் கிடையாது, கடிதம் கிடையாது.

ஒரு வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தேன். பணம் வந்ததாக ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். ஆனால் மற்றவர்களிடம் சொல்லக் கூச்சமில்லை பாருங்கள்! இலக்கியக் கூட்டங்களில் டீ குடிக்கும்போது, "அந்த ஊர்க் கடைக்கா அனுப்புறீங்க? எனக்கு அறுபது காப்பிக்குப் பட்டை நாமம் சார்" என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலமாரியிலிருந்து, வாங்கிப் படிக்காமல் வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். நடுவில் ஒரு பழுப்பு நிறக் கவர், அடையாளத்துக்குச் செருகி வைத்தது. கவரின் மேல் நீல மையில் மணி மணியான கையெழுத்து:

'அனுப்பியது 60. விற்றது 40. திருப்பியது 20. கழிவு போக பிரதிக்கு ரூ.39. ரொக்கம் ரூ.1,560.'

கீழே தேதி. 2005 ஜனவரி.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வருஷம் சென்னை புத்தகக் காட்சிக்கு அண்ணாச்சி வந்திருந்தார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, மீதி இருபது பிரதிகளை ஒரு பையிலும் பணத்தை இந்தக் கவரிலும் போட்டுக் கையில் கொடுத்தார். நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. 'இலக்கியத்தில் கணக்கு என்ன கணக்கு' என்கிற பெருந்தன்மை! அங்கேயே நாலு ஸ்டால் சுற்றி, அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கினேன். காலிக் கவரை வாங்கிய புத்தகம் ஒன்றில் செருகினேன். மறந்துவிட்டேன்.

இதில் இன்னொரு அவமானமும் உண்டு. என் உத்தியோகம் என்ன தெரியுமா? ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஒன்பது ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன். வவுச்சர் இல்லாமல் ஆட்டோ கட்டணம் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினவன். அந்த ஆளுக்கு வீட்டில், தன் சொந்தப் புத்தகத்துக்கு, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கணக்கு எழுதத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? நான் நிறைய யோசித்த விஷயம் இது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. கணக்கு எழுதாமல் இருப்பதில் ஒரு பெருமை இருந்தது. எழுத்து உயர்ந்த விஷயம், பணம் தாழ்ந்த விஷயம், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் எழுத்துக்குத் தீட்டு. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதைச் சொல்லிச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தப் பழமொழியையே நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று பிற்பாடுதான் உறைத்தது. உழக்கு மிஞ்சாது என்று உழுதவனுக்கு எப்படித் தெரிந்தது? கணக்குப் பார்த்ததால்தானே! பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு அவன் வயலுக்குப் போனான். அது வேறு. பார்க்காமலே நான் போனது வேறு.

கவர் கிடைத்த அன்று சாயங்காலம் மொத்தக் கணக்கையும் எழுத உட்கார்ந்தேன். அச்சகப் பில், கடைக்காரர்கள் தந்த சீட்டுகள், பழைய டைரி, வங்கிப் பாஸ்புக். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அச்சுக்கூலி, பேப்பர், பைண்டிங் சேர்த்து 28,000. அட்டைப்படத்துக்கு 2,500. வெளியீட்டு விழாவுக்கு ஹால், மைக், சால்வை, காராபூந்தி எல்லாம் சேர்த்து 4,500. தபால், பார்சல், லாரி வாடகை 3,000. ஆக 38,000. வரவு? நேரில் விற்றது 120 பிரதி, 7,200 ரூபாய். கடைகள் மூலம் 290 பிரதி, பிரதிக்கு 39 வீதம் 11,310. ஆக 18,510.

'போட்ட பணம் வந்துடுச்சு' என்று நான் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிகூட வரவில்லை.

போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். என் சேமிப்பு 10,000. நண்பர் கொடுத்தது 8,000, அதைப் போனஸில் திருப்பிவிட்டேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 20,000.

பேனாவை வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கேட்டேன். "அந்தச் சங்கிலிய எப்போ மீட்டோம்?"

"2006-ல. ஏன், இப்ப என்ன திடீர்னு?"

"ரெண்டு வருஷ வட்டி யார் கட்டினது?"

"நான்தான் கட்டினேன். டியூஷன் பணத்துல. முதலையும் அதுலதான் கட்டினேன்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, இரண்டு வருஷத்துக்கு 4,800 ரூபாய். சாயங்கால நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தது. நோட்டில் செலவு 38,000 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 42,800 என்று எழுதினேன். நஷ்டம் 24,290.

இந்த நஷ்டம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. புத்தகம் போட்டு நஷ்டப்படுவது ஒன்றும் பாவம் இல்லை. வலித்தது வேறு. 'பணத்தை நான் பெரிதாக நினைப்பதில்லை' என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க, அந்தப் பெருமைக்கான பில்லை வேறு இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பணமாகக் கட்டினாள். இன்னொருவர் தன் நல்ல பெயரிலிருந்து கட்டினார்.

நான் சொல்ல வந்தது இதுதான். கணக்கு எழுதாவிட்டால் செலவு இல்லாமல் போய்விடாது. நமக்குத் தெரியாமல் இன்னொருவர் தலையில் விழும், அவ்வளவுதான். கணக்கு என்பது காசு சமாசாரம், கஞ்சத்தனம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அடுத்த ஆளுக்கு நாம் காட்டும் மரியாதை.

பிரதிகளுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். விற்றது 410. இலவசமாகக் கொடுத்தது, ஞாபகம் வந்த வரையில், 230. பரணில் இருப்பது 285. கூட்டிப் பாருங்கள். 925தான் வருகிறது. மீதி 75 பிரதிகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

பரணில் அந்த 285 பிரதிகளை எண்ணிக் கட்டிவைத்தபோது எனக்குத் துணையாக ஒருவர் ஞாபகம் வந்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்கிற ஊரில் இருந்த ஹென்றி டேவிட் தோரோ. அநியாய அரசுக்கு வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். அது பற்றிய அவருடைய கட்டுரையைக் காந்தி படித்து மெச்சினார். அந்தத் தோரோதான்.

அவருடைய முதல் புத்தகம் 1849-ல் வந்தது. அண்ணன் ஜானுடன் படகில் போன ஒரு பயணத்தைப் பற்றியது. புத்தகம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே அண்ணன் இறந்துவிட்டார். பதிப்பாளர் அச்சடித்துத் தருவார், விற்காவிட்டால் செலவு ஆசிரியர் தலையில் என்று ஒப்பந்தம். அச்சிட்டது ஆயிரம் பிரதி. (என்னைப் போலவே!) நாலு வருஷம் கழித்து, 1853 அக்டோபரில், இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மிச்சத்தை வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார் பதிப்பாளர். மொத்தம் 706 பிரதிகள். தன் நூலகத்தில் இப்போது தொள்ளாயிரம் புத்தகம் இருக்கிறது, அதில் எழுநூற்றுச் சொச்சம் நானே எழுதியது என்கிற மாதிரி தோரோ தன் நாட்குறிப்பில் கேலி செய்துகொள்கிறார்.

எனக்கு அந்த நாட்குறிப்பில் பிடித்தது கேலி மட்டும் இல்லை. எழுபத்தைந்து பிரதி இலவசமாகக் கொடுத்தது, மற்றது விற்றது என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கு ஆன செலவு சுமார் 290 டாலர் என்றும் தெரிந்திருக்கிறது. நில அளவை வேலை செய்தும், குடும்பத் தொழிலான பென்சில் தயாரிப்பில் உழைத்தும் பிழைத்த மனிதர். பதிப்பாளருக்கு அந்தக் கடனைக் கட்டித் தீர்த்தார். யாரையும் திட்டிக்கொண்டு உட்காரவில்லை.

அடுத்த வருஷம், 1854-ல், வால்டன் வந்தது. குளக்கரையில் தனியாகக் குடிசை கட்டி வாழ்ந்ததைப் பற்றிய புத்தகம். காற்று, வானம், பறவை என்று ஆரம்பிக்கும் என்றுதானே நினைப்போம்? முதல் அத்தியாயமே கணக்குதான். பலகைக்கு எவ்வளவு, ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, சாக்பீஸுக்கு ஒரு சென்ட் என்று எழுதி, குடிசைக்கு மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கூட்டிக் காட்டுகிறார். பணத்தைப் பெரிதாக மதிக்காத மனிதர்தான், அரை சென்ட் வரை எழுதிவைக்கிறார். தனக்கு எவ்வளவு குறைவாகப் போதும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அந்த நோட்டு தேவைப்பட்டது. பணத்தை மதிக்காதவன் கணக்கு எழுதக் கூடாது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. நானே கட்டிக்கொண்ட கதை.

நீங்கள் இடைமறிக்கலாம். "பாரதி கணக்குப் பார்த்தாரா?" கணக்கே போட்டவர்தான் அவர். 1920-ல் தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிட ஒரு பெரிய திட்டம் போட்டு, பணம் கடன் கொடுக்கும்படி நண்பர்களுக்கு எழுதினார். திட்டம் நடக்கவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். அந்தக் கனவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் திட்டம் வேறு, கணக்கு வேறு. திட்டம் நாளைக்கு வரப்போவதை எழுதுவது. கணக்கு நேற்று நடந்ததை எழுதுவது. முன்னதற்குக் கற்பனை வேண்டும், எழுதுகிறவர்களுக்கு அதில் குறைவே கிடையாது. பின்னதற்குக் கற்பனை கூடவே கூடாது. கற்பனை நின்றுபோகிற ஒரு பக்கம் எழுத்தாளன் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இப்போது சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆயிரம் அடிக்க வேண்டாம், ஐம்பது பிரதிகூட அச்சிட்டுத் தருகிறார்கள். மின்னூலாகவும் போடலாம். பணம் போனுக்கே வந்துவிடுகிறது. "அதான் எல்லாம் போன்லயே இருக்கே சார், தனியா எதுக்கு எழுதணும்?" என்று ஒரு இளம் எழுத்தாளர் என்னிடம் கேட்டார். 'இத்தனாம் தேதி 180 ரூபாய் வந்தது' என்று போன் சொல்லும். எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை பிரதிக்கு, கழிவு போகவா போகாமலா, பாக்கி உண்டா என்று சொல்லாது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, நாலு பகுதி.

முதல் பகுதி பிரதிகளுக்கு. அச்சிட்டது, விற்றது, கொடுத்தது, இருப்பது. இந்த நாலும் எப்போது கூட்டினாலும் பொருந்தவேண்டும்.

இரண்டாவது, செலவு. அச்சகப் பில் மட்டும் இல்லை. பார்சல் கட்டப் போன ஆட்டோ, விழாவுக்கு வாங்கிய சால்வை எல்லாம். பில்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள். விற்று லாபம் வந்தால் அது வருமானம். வரிக் கணக்கில் காட்டும்போது செலவைக் கழிக்க அந்தக் கவர்தான் சாட்சி.

மூன்றாவது, கடைகள். யாருக்கு எத்தனை, எந்தத் தேதி, என்ன கழிவு, எப்போது கணக்கு முடிப்பது. பார்சலோடு சலான் ஒன்று வையுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். பணம் வந்தால் அன்றைக்கே எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் கவர் புத்தகத்துக்குள் போய்விடும்.

நாலாவதுதான் முக்கியம். யார் பணம்? உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றுத்தான் வேலையை நடத்தினார். இன்றைக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோம். புத்தகத்தைப் பார்க்காமலே ஒருவர் உங்களை நம்பிப் பணம் கொடுத்தால், அவர் பெயர் நோட்டில் ஏறிவிட வேண்டும். வீட்டிலிருந்து எடுத்ததும் அதே பக்கத்தில்தான். மனைவி, அம்மா, தம்பி என்று பெயர் போட்டு எழுதுங்கள். 'சொந்தப் பணம்' என்று எழுதாதீர்கள். அதைவிடப் பெரிய பொய் கிடையாது.

"கொடுத்த இலவசப் பிரதிக்கெல்லாமா கணக்கு? நட்பு என்ன ஆவது?" என்று கேட்டால், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் 75 பிரதிகளை நினைத்துப் பார்த்தேன். யாருக்கோ கொடுத்திருப்பேன். ஆனால் யாருக்கு, எதற்கு என்று தெரியாதபோது அதைக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? தொலைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பெயர் எழுதிக் கொடுத்தால் அது கொடை. ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு "உனக்குக் கொடுத்தேனே, படிச்சியா?" என்று துரத்தக்கூடாது. வசூலுக்காக எழுதிய பட்டியல் இல்லை அது. நமக்கு ஞாபகத்துக்கு. 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்று பாட்டிமார்கள் சொன்னார்களே, ஆற்றில் போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. தாராளமாகப் போடு, எவ்வளவு போட்டாய் என்று தெரிந்துகொண்டு போடு என்றுதான் சொன்னார்கள்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

போனில் மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. ரயில் ஏறிப் போனேன். கவரை மேஜை மேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். தலை நிமிர முடியவில்லை.

"நீங்க பேசினது காதுக்கு வந்துச்சு சார்" என்றார் அண்ணாச்சி.

"அப்பவே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"நம்ம நோட்டுல இருக்குல்லா... அது போதும்னு விட்டுட்டேன்."

பின்னால் திரும்பி, அடுக்கிலிருந்து 2005-ஆம் வருஷ நோட்டை எடுத்தார். தேடக்கூட இல்லை. அதே நாலு வரி, அதே நீல மை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வருஷம் நான் ஊரெல்லாம் பேசினேன், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க அவருக்கு அந்த நாலு வரி போதுமாக இருந்தது. என்னிடம் ஒரு வரிகூட இல்லாததால்தான் நான் அவ்வளவு பேசினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் வருத்தம். நீங்க சொன்னதைக் கேட்டு ரெண்டு எழுத்தாளருங்க புத்தகம் அனுப்புறதை நிறுத்திட்டாங்க. நல்லா விக்கிற புத்தகம்."

இந்த நஷ்டத்தை என் நோட்டில் எந்தப் பகுதியில் எழுதுவது? இன்றைக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் அந்த இரண்டு பேரையும் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். அதற்கடுத்த கூட்டத்தில், டீ நேரத்தில் இல்லை, மேடையிலேயே சொன்னேன். கேட்டவர்கள் பொய்யை ரசித்த அளவுக்கு உண்மையை ரசிக்கவில்லை. அது என் பாடு.

புறப்படும்போது அண்ணாச்சி கடை வாசல் வரை வந்தார்.

"அடுத்து எதும் போட்டீங்கன்னா இருபது காப்பி அனுப்புங்க சார்."

"கண்டிப்பா அண்ணாச்சி."

"சலான் வச்சு அனுப்புங்க."